மருந்துச் சீட்டில் இல்லாத சோறு

ரேணிகுண்டா சந்திப்பில் தண்டவாளங்கள் நான்கு பக்கம் பிரிகின்றன. தெற்கே புத்தூர், திருத்தணி, அரக்கோணம் வழியாகச் சென்னை. வடமேற்கே கடப்பா, குண்டக்கல் தாண்டி மும்பை. வடகிழக்கே காளஹஸ்தி, கூடூர். இன்னொரு பாதை பத்து கிலோமீட்டரில் திருப்பதியைத் தொட்டு, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குப் போகிறது. இங்கே ரயில் மாறுகிறவர்களில் பெரும்பாலோர் பெருமாளைப் பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே, கையில் ஸ்கேன் கவரும் தோளில் தூங்கும் பிள்ளையுமாக நிற்கிறவர்களும் உண்டு.

அவர்களுக்கு இந்தப் பாதைகள் மருத்துவமனைப் பாதைகள். திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ரூயா இருக்கிறது, ஸ்விம்ஸ் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021 அக்டோபரில் திறந்த ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இருதய மருத்துவமனையும் அங்கேதான். அங்கே முடியாது என்றால் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. அல்லது சென்னைக்குப் போய் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. நகரியின் விசைத்தறி வீடுகளிலிருந்தும் கோடூரின் தோட்டக் கூலி வீடுகளிலிருந்தும் கிளம்புகிற ஒரு குடும்பம், பிள்ளையை எங்கே சேர்ப்பது, காப்பீட்டு அட்டை செல்லுமா, படுக்கை கிடைக்குமா என்று நூறு முறை யோசித்திருக்கும். அங்கே போய் நாம் என்ன சாப்பிடுவோம் என்பதைப் பெரும்பாலும் யோசித்திருக்காது. இரண்டாம் நாள் மதியம் அந்தக் கேள்வி தானாக வந்து நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளையோடு தாயும் தகப்பனும் இரண்டு வாரம் தங்குகிறார்கள். இரண்டு பேர், மூன்று வேளை, பதினான்கு நாள்: 84 சாப்பாடு. டிபனும் சாப்பாடும் கலந்து வேளைக்குச் சராசரி 60 ரூபாய் என்று வைத்தால் 5,040 ரூபாய். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, அரசு மருத்துவமனையில் ஒருமுறை தங்கிச் சிகிச்சை பெற ஆகும் சராசரி மருத்துவச் செலவு 4,452 ரூபாய் என்று கண்டது. இரண்டும் வேறு வேறு ஆண்டுகளின் விலைகள், நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆகிற அளவுக்குப் பக்கத்தில் துணைக்கு இருப்பவர்களின் சோற்றுச் செலவு வந்து நிற்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. அந்தப் பதினான்கு நாளும் இருவருக்கும் கூலியும் கிடையாது. காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தரும்; பக்கத்துத் தெரு மெஸ்ஸில் வாங்கிய பொட்டலத்துக்குத் தராது.

இப்படி நெருக்கடி வரும்போது முதலில் குறைவது பெரியவர்களின் தட்டு. காலையில் டீயும் பன்னும், மதியம் ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்வது, இரவில் பிள்ளைக்கு வார்டில் கொடுத்ததில் மிச்சம். மருத்துவமனையில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. 1996இல் ரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு வகுத்த வரையறைப்படி, எல்லா நேரமும், எல்லாருக்கும், போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு கைக்கெட்ட வேண்டும். அது இல்லாத நிலைதான் உணவுப் பாதுகாப்பின்மை. ஊரில் இரண்டு வேளைச் சோற்றுக்குக் குறைவில்லாத குடும்பம்கூட, வார்டுக்கு வெளியே பாய் விரித்த மறுநாள் அந்த நிலைக்குள் விழுந்துவிடுகிறது.

இதை வறுமை, இரக்கம் என்ற அளவில் மட்டும் பேசிவிட்டுப் போகலாம். ஆனால் இதற்குள் கறாரான மருத்துவ விஷயம் ஒன்று இருக்கிறது. பெரியவர் ஒருவர் நோயாளியாகப் படுத்தால், அவர் உடம்பு தனி, துணைக்கு இருப்பவர் உடம்பு தனி. குழந்தை விஷயத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. மிகச் சிறிய குழந்தைக்குத் தாயின் உடம்பே சமையலறை.

பச்சிளங்குழந்தைகள் வார்டிலிருந்து தொடங்கலாம். எடை குறைந்தோ, குறைமாதத்திலோ, மூச்சுத்திணறலோடோ பிறந்த குழந்தை உள்ளே இன்குபேட்டரில் இருக்கிறது. பிரசவமாகி நாலைந்து நாளே ஆன தாய் வெளியே இருக்கிறாள். குழந்தையால் உறிஞ்ச முடியாததால் அவள் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு முறை, இரவிலும் சேர்த்து. முழுதாகப் பால் சுரக்கும் தாய் ஒரு நாளில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் தருகிறாள். அதற்கான ஆற்றல் அவள் உணவிலிருந்தோ, அவள் உடம்பின் சேமிப்பிலிருந்தோ வர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, அதிக உடல் உழைப்பில்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கிலோகலோரி. முதல் ஆறு மாதம் பாலூட்டும்போது அதற்கு மேல் 600. ஆக 2,260. ஒரு டீயும் ஒரு பன்னும் சேர்ந்தால் சுமார் 250 தேறும்.

தாய் ஒருவேளை பட்டினி கிடந்தால் பால் உடனே வற்றிவிடாது. பல பாட்டிமார் பயமுறுத்துவது போல நடப்பதில்லை. மனித உடம்பு இதில் ஆச்சரியமான பிடிவாதம் காட்டுகிறது: தாய் மெலிந்தாலும் பாலின் அளவையும், அதிலுள்ள புரதம், சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து, இரும்பு ஆகியவற்றையும் பெருமளவு காப்பாற்றித் தருகிறது. விலையைத் தாய் கொடுக்கிறாள். ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 58.8 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது, தமிழ்நாட்டில் 53.4. பிரசவத்தில் இரத்தம் இழந்து, இரவெல்லாம் விழித்து, அரைவயிற்றோடு பால் பீய்ச்சுகிற அந்தத் தாய் ஏற்கெனவே காலியான கிடங்கிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறாள்.

எல்லாச் சத்தையும் உடம்பால் அப்படிக் காப்பாற்றவும் முடியாது. வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின் ஆகியவை தாய் சாப்பிட்டால்தான் பாலில் வரும். இவற்றில் பி1, அதாவது தயாமின், தனியாகப் பேச வேண்டிய ஒன்று. உடம்பில் அதற்குப் பெரிய சேமிப்பு கிடையாது. சில வாரக் குறைபாடே போதும். தீட்டிய பச்சரிசிச் சோற்றையும் பத்தியச் சாப்பாட்டையும் மட்டும் நம்பியிருக்கும் தாயின் பாலில் தயாமின் குறைந்து, இரண்டு மூன்று மாதக் குழந்தைக்குக் குரல் கம்மி, மூச்சு வாங்கி, இதயம் செயலிழக்கும் நிலை வரலாம். குழந்தைப் பெரிபெரி என்று அதற்குப் பெயர். நேரத்தில் கண்டுபிடித்துத் தயாமின் ஊசி போட்டால் மிக விரைவில் குழந்தை தேறிவிடும், கண்டுபிடிக்காவிட்டால் இழந்துவிடுவோம். இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே இந்த நோயில்தான் தொடங்கியது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஒரு சிறிய அறையில் தொடங்கிய பெரிபெரி விசாரணைப் பிரிவுதான் வளர்ந்து, பிற்பாடு ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நூறாண்டுக்கு மேல் தெரிந்த அறிவு இது. அந்த அறிவு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தட்டுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

வராததற்கு ஒரு காரணத்தைத் திட்ட ஆவணங்களிலேயே பார்க்கலாம். 2011 ஜூன் 1 அன்று மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் நல்ல திட்டம், ஏராளமான குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம். அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்க்கு, சுகப்பிரசவமானால் மூன்று நாளும் சிசேரியன் ஆனால் ஏழு நாளும் இலவச உணவு உண்டு. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். இந்த இரண்டாவது பட்டியலில் உணவு என்ற வரி கிடையாது. குழந்தை சாப்பிடுவதில்லையே என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் குறைமாதக் குழந்தை உள்ளே முப்பது நாள் இருந்தால், தாயின் மூன்று நாளும் ஏழு நாளும் முடிந்த பிறகு, அந்தக் குழந்தையின் பாலுக்கான சோறு யார் கணக்கில்? மாநிலத்துக்கு மாநிலம், மருத்துவமனைக்கு மருத்துவமனை இதற்குப் பதில் மாறுகிறது. சில இடங்களில் டயட் பிரிவு கேள்வி கேட்காமல் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்கிறது. சில இடங்களில் அது அங்கிருக்கும் சிஸ்டரின் மனசைப் பொறுத்தது.

இதய மருத்துவமனைக்கு வருவோம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு, நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் இரத்தம் பாய்கிறது. மூச்சு விடுவதே உழைப்பாகிறது. சாதாரணக் கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 100 கிலோகலோரி போதும் என்றால், இந்தக் குழந்தைக்கு 120 முதல் 150 வரை தேவைப்படும். தேவை கூடிய அதே குழந்தைக்குத்தான் குடிக்கவும் தெம்பில்லை: நாலு வாய் உறிஞ்சும், நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும், களைத்து விட்டுவிடும், மறுபடி தேடும். ஒருமுறை பாலூட்டி முடிய முக்கால் மணி நேரம் ஆகலாம். இதற்கிடையில் கீழே போய் வரிசையில் நின்று சாப்பிட்டு வர அந்தத் தாய்க்கு எப்போது நேரம்? எடை ஏறாத குழந்தைக்கு அறுவைச் சிகிச்சையின் ஆபத்தும் கூடும், பிறகு தேறவும் நாளாகும். அதனால்தான் இந்தக் குழந்தைகளின் எடையை மருத்துவர்கள் அவ்வளவு கவலையோடு பார்க்கிறார்கள். அந்த எடையில் தாயின் சாப்பாடும் ஒரு பங்கு.

புற்றுநோய்க்கு நாட்கள் இன்னும் நீளம். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு ஓடும். நோய் கண்டறியும் நேரத்தில் ஊட்டம் குன்றியிருந்த குழந்தைகள், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் பிழைக்காமல் போவதும் அதிகம் என்று மத்திய அமெரிக்க நாடுகளில் நடந்து 2012இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் இல்லங்களைச் சொல்ல வேண்டும். 2006இல் மும்பையில் தொடங்கி, பிறகு வேலூர், சென்னை உட்படப் பல ஊர்களுக்கு விரிந்த இந்த இல்லங்களில், சிகிச்சைக்கு வந்த பிள்ளையின் குடும்பத்துக்கு இலவசமாகத் தங்க இடம், வாரந்தோறும் ரேஷன், பொதுச் சமையலறையில் ஓர் அடுப்பு. சமைத்த சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் வாய்ப்புண்ணோடு கிடக்கும் பிள்ளை அம்மா வைத்த ரசத்தைத்தான் கேட்கும். எதிர்ப்புச் சக்தி இறங்கிய அந்த உடம்புக்கு, அம்மா அப்போதே சுடச்சுடச் சமைத்துத் தருவதே பத்திரமும்கூட. வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும், சமையல் வசதியோடு அறை கொடுக்கும் லாட்ஜுகள் பெருகியதும் இதே தேவையால்தான்.

இவ்வளவு தெரிந்தும், பசியோடு இருக்கும் குடும்பத்தை மருத்துவமனை எப்படி அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் காண்பதே இல்லை. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அக்கறையோடு “சாப்பிட்டீங்களாம்மா” என்று கேட்டாலும் “ஆச்சுங்க சார்” என்றுதான் பதில் வரும். இல்லை என்று சொல்ல வாய் கூசும். பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர்கள் என்று தங்களை நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2010இல் எரின் ஹாகரும் சக ஆய்வாளர்களும், நீண்ட அரசு வினாத்தாளிலிருந்து இரண்டே கேள்விகளைப் பிரித்தெடுத்தார்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில், கையில் பணம் வருவதற்குள் சாப்பாட்டுப் பொருள் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? வாங்கியது போதாமல், மேற்கொண்டு வாங்கப் பணமில்லாமல் இருந்ததுண்டா? உணவுப் பாதுகாப்பில்லாத குடும்பங்களில் 97 சதவீதத்தை இந்த இரண்டு கேள்விகளே கண்டுபிடித்துவிட்டன. 2015இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் இதைக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2004இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுப் பாதுகாப்பில்லாத வீட்டுக் குழந்தைகளின் உடல்நிலை மோசமாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றும் தெரிந்திருந்தது. பசி பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்புகிறது, மருத்துவமனை குடும்பத்தைப் பசிக்குள் தள்ளுகிறது.

சிகாகோவின் கோமர் குழந்தைகள் மருத்துவமனையில் 2010இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்டேசி லிண்டாவ் என்ற மருத்துவரின் முயற்சியில், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் உணவு அலமாரிகளை வைத்தார்கள். யார், என்ன, ஏன் என்ற கேள்வி கிடையாது. வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துப் போகலாம். பசியை நிரூபிக்கச் சொல்லாத ஏற்பாடு என்பதால் கூச்சத்துக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி கேட்காமல் சோறு போடுவது திருப்பதிக்குப் புதிதல்ல. 1985இல் திருமலையில் தொடங்கிய நித்திய அன்னதானம் இன்று உலகின் மிகப் பெரிய இலவசப் பந்திகளில் ஒன்று. அந்த அன்னப்பிரசாதம் மலையோடு நிற்காமல் கீழே ரூயா, ஸ்விம்ஸ் போன்ற மருத்துவமனைகளுக்கும் வருகிறது. ஆந்திர நகரங்களில் 2018இல் தொடங்கி, 2019இல் மூடப்பட்டு, 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்த அண்ணா கேண்டீன்களில் ஒரு வேளை ஐந்து ரூபாய். மேலே போட்ட 84 சாப்பாட்டுக் கணக்கு அங்கே 420 ரூபாயில் முடிந்துவிடும். சென்னையில் 2013இல் வந்த அம்மா உணவகம் பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் நுழைந்து, ஒரு ரூபாய் இட்லியால் எத்தனையோ பேரின் காலைப் பசியை ஆற்றியது. ஒடிசாவில் 2015இல் தொடங்கிய ஆஹார் மையங்கள் மருத்துவக் கல்லூரி வாசல்களிலும் ஐந்து ரூபாய்க்குச் சோறும் தால்மாவும் தருகின்றன. கேரளத்தில் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தார் வீடு வீடாகச் சொல்லிவைத்து, வாழை இலையில் கட்டிய பொதிச்சோற்றைச் சேகரித்து, மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒரு தாய் பன்னோடு நாளை ஓட்டுகிறாள்? பந்தி கீழே இருக்கிறது, அவள் மாடியில் இருக்கிறாள் என்பதால். கேண்டீனுக்கு நேரம் உண்டு, ஐ.சி.யு. வாசலில் எப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதற்கு நேரம் கிடையாது. ஒருவர் மட்டும் துணைக்கு வந்திருந்தால், டிரிப்ஸ் ஏறும் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வரிசைக்குப் போவது? நம் ஊர் வார்டுகளில் ரத்தச் சாம்பிளைக் கொண்டுபோவதிலிருந்து ஜுரத்துக்கு ஈரத்துணி போடுவது வரை பாதி வேலையைச் செய்வது துணைக்கு இருப்பவர்தான். அவரில்லாமல் அந்த வார்டு ஓடாது. வேலை வாங்குகிற இடம் சோறும் போட வேண்டும், அதுவும் கட்டிலருகே. குழந்தைகள் வார்டின் டயட் பட்டியலில் ஒவ்வொரு குழந்தைக்கும் கீழே துணைக்கு இருப்பவருக்கென இன்னொரு வரி வேண்டும் என்பது பெரிய கோரிக்கை இல்லை.

இதற்கு அரசாங்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கடுமையாக ஊட்டம் குன்றிய குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையங்களுக்கு 2011இல் வந்த தேசிய வழிகாட்டுதல், தாய்க்கு உணவும், இழக்கும் கூலிக்கு ஈடும் தரச் சொல்கிறது. தாய் பாதியில் கிளம்பிவிட்டால் சிகிச்சையே வீண் என்பதை அனுபவத்தில் கண்டதால் வந்த விதி அது. பச்சிளங்குழந்தைகள் விஷயத்திலும் காற்று மாறுகிறது. டெல்லி சப்தர்ஜங் உள்ளிட்ட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு சேர்த்து வைத்துச் சிகிச்சை கொடுத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அதற்காகத் தாயின் கட்டிலையே பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். கட்டில் உள்ளே போய்விட்டால் அவளும் அந்த வார்டின் கணக்கில் வந்துவிடுகிறாள். பிறகு அவள் தட்டு யார் பொறுப்பு என்ற கேள்விக்கே இடமில்லை.

வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகள் இன்னும் எந்தக் கணக்கிலும் இல்லை. அம்மா திருப்பதியில், அப்பா அங்கும் இங்கும் அலைச்சலில். மூத்தவளும் சின்னவனும் பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ. அங்கன்வாடி முட்டையும் பள்ளி மதிய உணவும் அவர்களுக்கு அந்த நாட்களில் எவ்வளவு பெரிய ஆதரவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளும்தான் கஷ்டம்.

ஆந்திர அரசு 2019 டிசம்பரில் ஆரோக்ய ஆசரா என்றொரு உதவியைத் தொடங்கியது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் ஓய்வெடுக்கும் காலத்துக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 5,000 என்ற கணக்கு. நோய் கூலியைத் தின்கிறது என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது முக்கியமான விஷயம். குழந்தை நோயாளிக்குக் கூலி ஏது? அங்கே தொலைவது பெற்றவர்களின் கூலி. அதுவும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு மட்டுமல்ல, சேர்த்த முதல் நாளிலிருந்தே தொலைகிறது. கணக்கைப் பெற்றோர் பெயருக்கு மாற்றி, சேர்த்த தேதியிலிருந்து தொடங்கினால் இதே திட்டம் பல வீடுகளைக் காப்பாற்றும்.

இன்றைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டைக்குரிய அரிசியை வேறு மாநிலத்திலும் வாங்கலாம். வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு, மீதியை வெளியூரில் இருப்பவர் அங்குள்ள கடையில் கைரேகை வைத்துப் பெறலாம். ஆக, ரேணிகுண்டா அட்டைக்குரிய அரிசியில் ஒரு பங்கை வேலூரில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் தாய் அங்கேயே வாங்க முடியும், வாடகை அடுப்பில் பொங்க முடியும். இதைப் பலர் அறிவதே இல்லை, அல்லது இரண்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்ட பிறகு அறிகிறார்கள். ஓ.பி. சீட்டுப் போடும் கவுண்டரிலோ, மருத்துவமனைச் சமூகப் பணியாளரின் மேஜையிலோ, முதல் நாளே, தெலுங்கிலும் தமிழிலும், பசியைக் கண்டுபிடிக்கும் அந்த இரண்டு கேள்விகளோடு சேர்த்து இந்தத் தகவலையும் சொல்ல ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.